ஆக்சிஜன் சேம்பரில் முதல் நாள்: பயத்தைச் சொல்லிவிட்டு உள்ளே செல்லுங்கள்

ஆறாத சர்க்கரை நோய்ப் புண்ணுக்காகவோ, புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்வீச்சால் தாடை எலும்பிலோ சிறுநீர்ப்பையிலோ பின்னாளில் ஏற்பட்ட பாதிப்புக்காகவோ, திடீரென்று ஒரு காது கேட்காமல் போனதற்காகவோ உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை எடுத்துக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லும்போது, பெரும்பாலான நோயாளிகள் முதலில் கேட்பது அதற்கான சேம்பர் என்ற மூடிய குழாய்க்குள் ஒன்றரை மணி நேரம் எப்படிப் படுத்திருப்பது என்பதையே. கேட்காதவர்களும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பயம் இயல்பானது, இதை முன்கூட்டியே சமாளிக்க வழி உண்டு, அந்த வழியில் பெரும்பகுதி நோயாளியின் கையிலேயே இருக்கிறது. முதல் அமர்வுக்குச் செல்பவரும் அவரை அழைத்துச் செல்லும் குடும்பத்தாரும் என்ன செய்யலாம், எதைக் கேட்கலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் நாளில் பதறிப்போய்ப் பாதியில் வெளியே வரும் பலருக்கு, அந்தப் பதற்றம் குறுகலான இடத்தால் மட்டும் வந்ததில்லை. காதில் சிறிய வலி தொடங்கியிருக்கும், அதைச் சொன்னால் டெக்னீஷியனுக்குத் தொந்தரவு என்று பொறுத்துக்கொண்டிருப்பார்கள், வலி ஏறும், வலியோடு சேர்ந்து நெஞ்சு படபடக்கும், அதன் பிறகு எல்லாம் ஒன்றாகி, மூச்சே முட்டுவதுபோல் தோன்றும். குறிப்பாக நம் வீட்டுப் பெரியவர்கள் மருத்துவமனையில் எதையும் பொறுத்துக்கொள்வதையே நல்ல பழக்கம் என்று கருதுகிறார்கள். "காது எப்படி இருக்கும்மா?" என்று ஸ்பீக்கரில் கேட்டால், "ஒண்ணும் இல்லை தம்பி, நீ பாரு" என்று பதில் வரும், ஆனால் கண்ணாடி போன்ற அந்தச் சுவருக்கு அப்பால், விரல்கள் படுக்கை விரிப்பைக் கசக்கிப் பிடித்திருப்பது தெரியும். இந்தச் சிகிச்சையில் பொறுமை நோயாளிக்கு உதவாது. வலியும் பயமும் தொடங்கிய அந்த நொடியே வாய் திறந்து சொல்வதுதான் உதவும்.

உள்ளே நடப்பது என்ன

சேம்பர்கள் பொதுவாக இரு வகை. ஒருவர் மட்டும் படுக்கும் வகை, தடித்த அக்ரிலிக்கால் ஆன உருளை. படுத்தபடியே சுற்றிலும் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவர்களும் உங்களைப் பார்க்கலாம். அதில் பெரும்பாலும் முகமூடி எதுவும் கிடையாது. உருளை முழுவதும் ஆக்சிஜன் நிறைந்திருக்கும், வழக்கம்போல் மூச்சு விட்டால் போதும். மற்றொன்று பலர் உட்காரும் அறை. அதில் நிரப்பப்படுவது சாதாரணக் காற்று. ஆக்சிஜன் முகமூடி வழியாகவோ, தலை முழுவதையும் மூடும் ஒளி ஊடுருவும் உறை வழியாகவோ வரும். பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் உங்களுடன் உள்ளேயே அமர்ந்திருப்பார். எது உங்களுக்கு எளிது என்பது உங்கள் பயத்தின் தன்மையைப் பொறுத்தது. இடம் குறுகலாக இருப்பது தாங்காது என்றால் பெரிய அறை நல்லது. முகத்தில் எதையாவது மாட்டினால் தாங்காது என்றால் அக்ரிலிக் உருளை நல்லது. நீங்கள் செல்லும் மையத்தில் எந்த வகை இருக்கிறது என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் பொதுவாக நாம் வாழும் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 2 முதல் 2.5 மடங்கு வரை உயர்த்தப்படும். கடலில் 10 முதல் 15 மீட்டர் ஆழத்தில் உடல் உணரும் அழுத்தம் இது. ஆனால் உங்கள் உடலை எதுவும் நசுக்குவதுபோல் இருக்காது. உடலின் பெரும்பகுதி நீரால் ஆனது, நீர் சுருங்காது. காற்று அடைந்திருக்கும் காதும் சைனஸ் குழிகளும் மட்டுமே அழுத்த மாற்றத்தை உணரும். அழுத்தம் ஏறப் பத்து, பதினைந்து நிமிடம், அதே அளவில் நிற்க ஏறத்தாழ 90 நிமிடம், மெல்ல இறங்க மீண்டும் பத்து, பதினைந்து நிமிடம் என்று, மொத்தம் இரண்டு மணி நேரத்தை அதற்காக ஒதுக்கிக்கொள்ளுங்கள். நடுவே சில நிமிடங்கள் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கச் சொல்வார்கள். அது ஆக்சிஜனின் பக்கவிளைவைக் குறைப்பதற்கான வழக்கமான இடைவேளை, ஏதோ பழுது ஏற்பட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆறாத புண், கதிர்வீச்சுப் பாதிப்பு போன்றவற்றுக்கு இது வாரத்தில் ஐந்து நாள் வீதம் 20 முதல் 40 அமர்வுகள் வரை செல்லக்கூடும். எனவே முதல் நாளை வீரத்தோடு கடந்துவிட்டால் போதும் என்று எண்ணாமல், மீண்டும் மீண்டும் வந்து படுக்கக்கூடிய மனநிலையோடு முதல் நாளை முடிப்பதே குறிக்கோளாக இருக்க வேண்டும்.

பெயர் சொல்லப்படாத பயங்கள்

2021-ல் கொரோனாவின் இரண்டாம் அலையைக் கண்ட குடும்பங்களில் ஆக்சிஜன் என்றாலே கடைசிக் கட்டம் என்ற எண்ணம் பதிந்துபோயிருக்கிறது. "ஆக்சிஜன் வைக்கப் போகிறார்கள்" என்று உறவினர்கள் தொலைபேசியில் பேசிக்கொள்வதைக் கேட்டு, தன் நிலைமை மோசமாகிவிட்டது என்று தனக்குள் முடிவுகட்டும் நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். இங்கே ஆக்சிஜன் தரப்படுவது மூச்சுத் திணறலுக்காக இல்லை. உங்கள் இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏற்கெனவே ஏறத்தாழ நிரம்பிய அளவில் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன. அழுத்தம் கூடும்போது இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே கூடுதல் ஆக்சிஜன் கரைகிறது. மூன்று மடங்கு அழுத்தத்தில் 100 மில்லி இரத்தத்தின் நீர்ப்பகுதியில் சுமார் 6 மில்லி ஆக்சிஜன் கரைந்திருக்கும். சாதாரணமாக அது அரை மில்லியைக்கூட எட்டாது. இரத்த ஓட்டம் குறைந்த காலின் திசுக்களுக்கு அது போய்ச் சேர்வதும், அங்கே புதிய நுண் இரத்தக் குழாய்கள் வளர்வதுமே சிகிச்சையின் நோக்கம். மாத்திரையைப்போல் இதற்கும் அளவு உண்டு. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்று மருத்துவர் எழுதித் தருவார்.

உள்ளே காற்று தீர்ந்துவிடுமோ என்பது அடுத்தது. அமர்வு முழுவதும் புதிய வாயு உள்ளே வந்துகொண்டும், பழையது வெளியேறிக்கொண்டும் இருக்கிறது. மூச்சு முட்டுவதுபோல் தோன்றினாலும், நீங்கள் வெளியே நின்று சுவாசிப்பதைவிடப் பல மடங்கு ஆக்சிஜன் அந்த நேரத்தில் உங்கள் நுரையீரலில் இருக்கிறது. இதை முன்பே அறிந்தவர்களுக்கு, அந்த உணர்வு வந்தாலும் அது பயத்தின் வேலை என்று அடையாளம் காண முடிகிறது.

கதவைப் பற்றிய பயத்துக்கு நேர்மையான பதில் தேவை. அழுத்தம் இருக்கும்போது கதவைச் சட்டென்று திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள கதவு என்று வைத்துக்கொண்டால், இரண்டு மடங்கு அழுத்தத்தில் அதன்மேல் ஏறத்தாழ 2,900 கிலோ எடைக்குச் சமமான விசை இருக்கும். ஆனால் இதற்கு நீங்கள் சிறைப்பட்டிருக்கிறீர்கள் என்று பொருள் இல்லை. அழுத்தத்தை எந்த நேரத்திலும் நிறுத்தலாம், குறைக்கலாம், வழக்கமான முறையில் சில நிமிடங்களில் முழுவதும் இறக்கலாம். உண்மையான அவசரம் என்றால் இன்னும் விரைவாக இறக்க முடியும். மூன்று மடங்கு அழுத்தத்திலிருந்து, ஒருவர் படுக்கும் சேம்பரை இரண்டு நிமிடத்துக்குள்ளும் பலர் அமரும் அறையை ஆறு நிமிடத்துக்குள்ளும் இயல்பு அழுத்தத்துக்குக் கொண்டுவர முடிய வேண்டும் என்பது அமெரிக்கத் தீயணைப்பு விதித்தொகுப்பில் உள்ள நிபந்தனை. உங்கள் மையத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். டெக்னீஷியன் தயங்காமல் நிமிடக் கணக்கில் பதில் சொல்வதே பாதிப் பயத்தைப் போக்கிவிடும்.

தீ விபத்துப் பற்றிய செய்திகளைப் படித்துவிட்டு வருபவர்களிடம் "அதெல்லாம் நடக்காது" என்று சொல்லி அனுப்புவதை நான் ஏற்பதில்லை. 1997 அக்டோபரில் இத்தாலியின் மிலான் நகரில் ஒரு மருத்துவமனைச் சேம்பரில் நேர்ந்த தீயில் 11 பேர் இறந்தார்கள். உள்ளே கொண்டுசெல்லப்பட்ட, கையைச் சூடாக்கும் சிறு கருவியே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மருத்துவமனை அல்லாத ஒரு மையத்தில் ஐந்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் அது செறிந்திருக்கும் இடத்தில் ஒரு பொறி விழுந்தால் தீ மிக வேகமாகப் பரவும். பொறி வரக்கூடிய எதையும், எளிதில் எரியக்கூடிய எதையும் உள்ளே விடாமல் இருப்பதே பாதுகாப்பின் மையம். ஆகவே உங்கள் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, தலையில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டு, ஒவ்வொரு முறையும் உடையை மாற்றச் சொல்லும் மையமே நம்பத்தகுந்த மையம். யாரும் எதையும் கேட்காமல் உள்ளே அனுப்பினால், மருத்துவர் வளாகத்தில் இல்லாவிட்டால், என்ன நோய்க்கு வந்தீர்கள் என்பதுகூடத் தெரியாமல் பணம் கட்டச் சொன்னால், அங்கே பயப்படுவது சரியே. அங்கே படுக்க வேண்டாம்.

முந்தைய நாட்களில் செய்ய வேண்டியவை

முதல் அமர்வுக்கு முன் ஒரு நாள் சேம்பரை நேரில் பார்த்துவிட்டு வர அனுமதி கேளுங்கள். இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. தள்ளுபடுக்கையில் படுத்துப் பாருங்கள். கதவைத் திறந்தபடி இரண்டு நிமிடம் உள்ளே இருங்கள். மனம் ஒப்பினால், அழுத்தம் ஏற்றாமல் கதவை மட்டும் மூடச் சொல்லி, ஸ்பீக்கரில் பேசிப் பாருங்கள். "நிறுத்துங்கள்" என்பதற்கு என்ன கை சைகை, "காது வலிக்கிறது" என்பதற்கு என்ன சைகை என்பதை அப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஸ்பீக்கரில் பேசுபவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியாத நிலையும் இன்று பெரிய மருத்துவமனைகளில் உண்டு. அப்படியானால் சைகைகள் இன்னும் முக்கியமாகின்றன. ஏற்கெனவே பத்து, இருபது அமர்வுகள் முடித்த நோயாளி யாராவது காத்திருப்பு அறையில் இருந்தால், அவரோடு பேச இரண்டு நிமிடம் ஏற்பாடு செய்து தரச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டாம். எம்ஆர்ஐ ஸ்கேனில் பாதியில் எழுந்து வந்த அனுபவம், லிஃப்டில் தனியே ஏற முடியாத பயம், முன்பு பதற்றத்துக்காக மாத்திரை சாப்பிட்டது ஆகியவற்றைச் சொல்வதில் வெட்கத்துக்கு இடமே இல்லை. சொன்னால் அதற்கேற்ப மெதுவாக அழுத்தம் ஏற்றவும், தேவையானால் மாத்திரை எழுதித் தரவும் முடியும். அவற்றோடு ஆஸ்துமா, நுரையீரலில் காற்று கசிந்த வரலாறு, வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை, பேஸ்மேக்கர், உடலில் பொருத்திய வேறு கருவிகள், புற்றுநோய்க்கு எடுத்த மருந்துகள் அனைத்தையும் சொல்லுங்கள். சிகிச்சை செய்யப்படாத நியூமோதொராக்ஸ், அதாவது நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கிய நிலை இருந்தால் சேம்பருக்குள் செல்லவே கூடாது. சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தாலும் காய்ச்சல் இருந்தாலும் காலையிலேயே தொலைபேசியில் தெரிவியுங்கள். ஒரு நாள் தள்ளிப்போவதால் நட்டம் இல்லை.

வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைத் தானாகப் போட்டுக்கொண்டு வருவதை மட்டும் செய்யவே கூடாது. அரைத் தூக்கத்தில் இருப்பவர் அழுத்தம் ஏறும்போது விழுங்கவும் மாட்டார், காது வலியைச் சொல்லவும் மாட்டார். விளைவாகச் செவிப்பறை புண்படலாம்.

அன்று காலை

தலைக்கு எண்ணெய், முகத்துக்குக் கிரீம், உடலுக்கு பவுடர், சென்ட், வலி நிவாரணத் தைலம் ஆகியவற்றைத் தவிர்த்துக் குளித்துவிட்டு வாருங்கள். முந்தைய இரவு தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் தலையை நன்கு அலசிவிட வேண்டும். கட்டுப் போட்ட இடத்தில் வாசலின் சார்ந்த மருந்துத் துணி இருந்தால் அதையும் தெரிவியுங்கள். உடை முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பெரும்பாலான மையங்கள் தங்களுடைய பருத்தி உடையையே தருகின்றன. செல்போன், கைக்கடிகாரம், லைட்டர், தீப்பெட்டி, காது கேட்கும் கருவி, பேட்டரி உள்ள எதுவும் வெளியிலேயே இருக்க வேண்டும்.

நகையைப் பற்றி முன்பே பேசிவிடுவது நல்லது. தாலியைக் கழற்ற வேண்டும் என்று சேம்பரின் வாசலில் நிற்கும்போது முதல்முறையாகக் கேள்விப்படும் பெண்ணுக்கு, அதுவே அன்றைய நாளின் மிகப் பெரிய கலக்கமாகிவிடுகிறது. அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது செய்வதுபோல மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொள்ளலாமா, மெட்டிக்கு என்ன விதி, நெற்றிக்கு எது அனுமதி என்பதையெல்லாம் மையத்துக்கு மையம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்தால் மனம் அமைதியாக இருக்கும்.

வெறும் வயிற்றோடு வர வேண்டாம். இட்லி, இடியாப்பம் போன்ற எளிய உணவாக அளவோடு சாப்பிடுங்கள். சோடா, மொச்சை, கொண்டைக்கடலை போன்ற வாயு உண்டாக்குபவற்றைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அழுத்தம் இறங்கும்போது வயிற்றில் உள்ள வாயு விரியும். சேம்பருக்குள் சர்க்கரை அளவு இறங்கக்கூடும் என்பதால் சர்க்கரை நோயாளிகள் சாப்பாட்டை ஒருபோதும் விடக்கூடாது. உள்ளே செல்லுமுன் விரலில் குத்திப் பார்ப்பார்கள், குறைவாக இருந்தால் எதையாவது சாப்பிடக் கொடுத்துக் காத்திருக்கச் செய்வார்கள். இன்சுலின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள், அது படபடப்பையும் கூட்டும், சிறுநீரையும் கூட்டும். கடைசியாகக் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். நடுவில் சிறுநீர் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையைப் பலர் கூச்சத்தால் கேட்பதே இல்லை. அதற்குரிய பாத்திரத்தை உள்ளே வைக்க முடியுமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

புகைபிடிப்பவர்கள் சிகிச்சைக் காலம் முழுவதும் நிறுத்திவிட வேண்டும். நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இந்தச் சிகிச்சை செய்ய முயல்வதையே கெடுக்கும்.

காதைக் கவனித்துக்கொள்வது

உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மலைப்பாதையில் இறங்கும்போது காது அடைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சேம்பரில் அழுத்தம் ஏறும்போது நடப்பதும் அதுவே, சற்று வேகமாகவும் கூடுதலாகவும் நடக்கும். வெளி அழுத்தம் செவிப்பறையை உள்நோக்கித் தள்ளுகிறது. தொண்டையிலிருந்து நடுக்காதுக்குச் செல்லும் சிறிய குழாய் திறந்து காற்று உள்ளே போனால் இரு பக்கமும் சமமாகிவிடும். அந்தக் குழாயைத் திறப்பது உங்கள் வேலை. எச்சிலை விழுங்குவது, தாடையை இட வலமாக அசைப்பது, கொட்டாவி விடுவது, தண்ணீரை மிடறு மிடறாகக் குடிப்பது ஆகியவை எளிய வழிகள். மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மிக மெதுவாக மூக்கை ஊதுவது இன்னொரு வழி. பலமாக ஊதினால் உட்காது காயப்படும் என்பதால் இதை முன்னரே மருத்துவர் பார்க்கச் செய்து பழகிக்கொள்ள வேண்டும்.

இதில் காலம் எல்லாவற்றையும்விட முக்கியம். அழுத்தம் ஏறத் தொடங்கும் முதல் சில நிமிடங்களிலேயே காது அதிகமாகச் சிரமப்படும். வலி வரும்வரை காத்திருக்காமல், வாயு நுழையும் சீறல் ஓசை கேட்கத் தொடங்கியவுடனே சில நொடிக்கு ஒரு முறை விழுங்கிக்கொண்டே இருங்கள். காது திறக்கும்போது சிறிய சொடுக்கு ஓசை கேட்கும். ஒரு முறை விழுங்கியும் திறக்கவில்லை என்றால் உடனே சொல்லுங்கள். அழுத்த வித்தியாசம் கூடிவிட்டால் அந்தக் குழாய் இறுக மூடிக்கொள்ளும், பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. டெக்னீஷியன் ஏற்றத்தை நிறுத்தி, சற்றே இறக்கி, உங்கள் காது தெளிந்த பிறகு மீண்டும் மெல்ல ஏற்றுவார். இது அன்றாடம் நடப்பது. இதனால் உங்கள் சிகிச்சை கெட்டுவிடாது. தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் காது எளிதில் திறக்கும், எனவே தலையணையை உயர்த்தித் தரச் சொல்லுங்கள். எவ்வளவு முயன்றும் காது ஒத்துழைக்காதவர்களுக்கு, காது மூக்கு தொண்டை மருத்துவர் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தி வழி செய்வதும் உண்டு.

அழுத்தம் இறங்கும்போது இந்த முயற்சி எதுவும் தேவையில்லை; காது தானாகவே திறந்துகொள்ளும்.

உள்ளே பயம் வந்துவிட்டால்

கதவு மூடியதும் ஓசை மாறும். வெளியே நடப்பவர்களின் காலடி கேட்காது, வாயு நுழையும் சீறல் மட்டும் கேட்கும். அழுத்தம் ஏறும்போது உள்ளே வெதுவெதுப்பாகும். இவ்விரண்டும் சேர்ந்த முதல் ஐந்து நிமிடமே பொதுவாகக் கடினமான நேரம். அழுத்தம் நிலைபெற்ற பிறகு ஓசை குறையும், சூடு தணியும், பலர் உறங்கியும் விடுகிறார்கள்.

பயம் எழுந்தால் முதல் வேலை அதை உரக்கச் சொல்வது. "பயமாக இருக்கிறது, ஏற்றுவதை நிறுத்துங்கள்" என்று சொன்னால் நிறுத்துவார்கள். நிறுத்தப்பட்டதைக் கண்ணால் கண்டதுமே பலருக்கு மீண்டும் தொடரும் துணிவு வந்துவிடுகிறது; தன் சொல்லுக்கு வெளியே இருப்பவர் கட்டுப்படுகிறார் என்பது உறுதியானதும் அந்த இடம் அவ்வளவு சிறியதாகத் தோன்றுவதில்லை. தொடர முடியாது என்றால் வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

மூச்சைப் பற்றிக் கவனம் தேவை. பயத்தில் வேகமாக மேல்மூச்சு வாங்கினால் உதடும் விரல்களும் மரத்துப்போவதுபோல் இருக்கும், தலை சுற்றும். அதைக் கண்டு பயம் மேலும் கூடும். மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். பிராணாயாமம் பழகியவர்கள் இங்கே கும்பகம் செய்யக்கூடாது. குறிப்பாக அழுத்தம் இறங்கும் நேரத்தில் மூச்சை அடக்கி வைத்தால், நுரையீரலில் உள்ள வாயு விரிந்து நுரையீரலையே காயப்படுத்தக்கூடும். அந்த நேரத்தில் மூச்சு தடையின்றிப் போய் வர வேண்டும். உள்ளே குளிர்வதும், சில சமயம் மெல்லிய மூட்டம் தெரிவதும் அழுத்தம் இறங்குவதன் இயல்பான விளைவுகள்; அது புகை இல்லை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

கண்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். உருளையின் மேற்பரப்பு முகத்துக்கு அருகில் இருப்பதால் அதையே பார்த்தால் நெருக்கமாகத் தோன்றும்; அதைத் தாண்டி, சுவர்க் கடிகாரத்தையோ வெளியே உள்ள தொலைக்காட்சியையோ பாருங்கள். கால் விரல்களை மடக்கி நீட்டுங்கள். பழகிய துதி எதையாவது மனத்துக்குள் சொல்வது சிலருக்கு நன்கு கைகொடுக்கிறது. எவ்வளவு நேரம் ஆனது என்று ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு முறை அறிவிக்கச் சொல்வது வேறு சிலருக்கு உதவுகிறது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே சென்று, அழுத்தம் நிலைபெற்ற பிறகே திறப்பவர்களும் உண்டு.

உதடு துடித்தல், குமட்டல், காதில் ரீங்காரம், பார்வை குறுகுவதுபோல் தோன்றுதல் ஆகியவை தென்பட்டால் அது பயத்தால் என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே சொல்லிவிடுங்கள். அதிக ஆக்சிஜனால் வலிப்பு வருவது பல ஆயிரம் அமர்வுகளில் ஒன்று என்ற அளவிலேயே நேர்கிறது. ஆக்சிஜனை நிறுத்தினால் அது நின்றுவிடும். எனினும் அந்த அறிகுறிகளை முதலில் உணர்பவர் நீங்கள்தான்.

உடன் வருபவர்களுக்கு

நோயாளியின் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். அக்ரிலிக்கைத் தட்ட வேண்டாம், அழ வேண்டாம், நடுவே எழுந்து போவதாக இருந்தால் சைகையால் சொல்லிவிட்டுப் போங்கள். "பயப்படாதே, பயப்படாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, "இன்னும் இருபது நிமிடம்தான் அப்பா" என்று சொல்வது எவ்வளவோ மேல். ஆசையாகக் கைக்குள் எதையும் திணித்து அனுப்பாதீர்கள். சிறிய சாமி படமாக இருந்தாலும் பணியாளரிடம் காட்டிய பிறகே கொடுங்கள்.

காது கேட்கும் கருவி வைத்திருக்கும் பெரியவர்கள் அதைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றதும் ஸ்பீக்கரில் சொல்வது எதையும் புரிந்துகொள்ள மாட்டார்கள். வெளியே வாய் அசைவது தெரியும், சொற்கள் தெரியாது. பதற்றம் கூட அதுவே போதும். நான்கைந்து வெள்ளை அட்டைகளில் "எச்சில் விழுங்குங்கள்", "காது வலிக்கிறதா?", "நிறுத்திவிட்டோம்", "பாதி முடிந்தது", "இறக்குகிறோம்" என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, தேவையான நேரத்தில் அக்ரிலிக்குக்கு வெளியே நேராகப் பிடித்துக் காட்டுங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் கண்ணாடிக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு இதைத் திட்டமிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படம் வரைந்து காட்டினாலும் போதும்.

வெளியே வந்த பிறகு

முதல் நாள் சோர்வாக இருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுங்கள், இரு சக்கர வாகனத்தை நீங்களே ஓட்டிச் செல்ல வேண்டாம். காதில் தண்ணீர் புகுந்ததுபோல் ஓரிரு நாள் இருந்தால் அடுத்த அமர்வுக்கு முன் சொல்லுங்கள், செவிப்பறையைப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். எது கடினமாக இருந்தது, எந்த நிமிடத்தில் பயம் வந்தது, எது உதவியது என்பதை அன்றே ஒரு தாளில் எழுதிப் பணியாளரிடம் கொடுத்தால், இரண்டாம் நாள் வேறொருவர் பணியில் இருந்தாலும் அவருக்கும் தெரியும். முதல் அமர்வு பாதியில் நின்றுபோயிருந்தால் அன்றே மருத்துவரைப் பார்த்து, அடுத்த முறை இன்னும் மெதுவாக ஏற்றுவதா, மாத்திரை தேவையா, பலர் அமரும் அறையுள்ள மையத்துக்கு மாறுவதா என்று பேசி முடிவெடுங்கள். தொடங்கியதையே கைவிடுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், காதிலிருந்து இரத்தம், கடுமையான தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் திரும்புங்கள். இருபது அமர்வுகளுக்கு மேல் செல்பவர்களில் பலருக்குத் தூரப்பார்வை மங்கும். கண்ணே போய்விட்டதோ என்று கலங்க வேண்டாம். சிகிச்சை முடிந்த சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், ஆகையால் அதற்குள் புதிய கண்ணாடி வாங்கிச் செலவு செய்யாதீர்கள். ஏற்கெனவே கண்புரை உள்ளவர்களுக்கு மட்டும் அது சற்று முதிரக்கூடும் என்பதால், அவர்கள் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கண் மருத்துவரையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.